எல்லாம் வல்லவர் கூப்பிட்டும் எழவில்லை

அன்புள்ள அக்கா,

நீ கேட்டபடி ஒன்று விடாமல் எழுதுகிறேன். முதலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது. எங்கள் ரத்த வங்கியில் போர்வை அடுக்கியிருந்த குறுகிய அறைதான் இப்போது சர்வர் அறை. இருந்த ஒரே நாற்காலியில் கம்ப்யூட்டர் இன்ஜினியர் அம்மா. அவருக்கு வலப்பக்கம், கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் டாக்டர். கதவில் சாய்ந்தபடி லேப்காரர். அவரை ஊசி அண்ணன் என்போம். நான் பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில், முழங்கால் சுவரில் இடிக்க.

பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியபின், ஆறு ஊர் ரத்த வங்கிகளின் கொடையாளர் விவரம் ஒரு நகலாக மட்டுமே மிஞ்சியிருந்தது. புது சர்வரில் டேட்டாபேஸ் எழுந்து நின்றால்தான் அதைப் படிக்க முடியும். உன் ரத்த வகை லட்சத்தில் ஒருவருக்கு வாய்ப்பது. அந்த ஒருவர் அந்த நகலுக்குள் இருந்தால்தான் உனக்கு ஆபரேஷன்.

திரை முழுக்கக் கறுப்பு. வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரியாய் மேலேறிக்கொண்டிருந்தன.

"படமே ஓடாத டிவிக்கு இத்தனை பேர் காவலா?" என்றார் ஊசி அண்ணன்.

"படம் இனிமேதான் அண்ணே, பேசாம பாருங்க," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தே இன்ஜினியர் அம்மா அவசரப்பட்டிருக்க வேண்டும். எல்லா வேலையையும் 'ரூட்' என்ற பெயரிலேயே செய்துகொண்டு வந்தார். அந்த இயந்திரத்தில் ரூட் வைத்ததுதான் சட்டம். அந்தப் பெயருக்கு முன்னால் எந்தப் பூட்டும் நிற்காது. கடைசியில் டேட்டாபேஸைக் கிளப்பினார். அது மாட்டேன் என்றுவிட்டது.

"என்னவாம்?" என்றார் டாக்டர்.

"ரூட் கூப்பிட்டா எழுந்திருக்காது டாக்டர். அப்படித்தான் கட்டியிருக்காங்க. அவசரத்துல மறந்துட்டேன்."

"வீட்டுக்குப் பெரியவர் கூப்பிட்டே வரலைன்னா வேற யாருக்கு வரும்?"

"ஒரு அதிகாரமும் இல்லாதவனுக்கு. இதுக்குன்னே சாதாரணமா ஒரு பேர் உண்டாக்கி, டிஸ்க்குல ஒரே ஒரு அறையை மட்டும் அவனுக்குக் கொடுக்கணும். நாளைக்கு டேட்டாபேஸ் வழியா எவனாவது உள்ள புகுந்தாலும் அந்த அறையோட போச்சு. மத்ததெல்லாம் தப்பிச்சுடும்."



புதுப் பெயரில் கிளப்பினார். அப்போதும் எழவில்லை. அறையைக் கட்டியது ரூட். அதனால் குடிவந்தவனுக்கே கதவு திறக்கவில்லை. இன்ஜினியர் அம்மா ஒரே வரியில் அந்த அறையை அவன் பேருக்கு மாற்றினார். அடுத்த முறை எழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன். நகலிலிருந்து மனிதர்கள் இறங்கினார்கள் அக்கா. எப்போதோ, எங்கேயோ, யாருக்கென்று தெரியாமல் கை நீட்டியவர்கள், வரி வரியாக. கோயிலுக்குள் செருப்போடு நின்றுவிட்டதுபோல் கூசி, காலை உள்ளிழுத்துக்கொண்டேன்.

"தேடிடலாமா?" என்றார் இன்ஜினியர் அம்மா. என் கை தானாகத் தட்டச்சுப் பலகையை நோக்கிப் போனது.

"நீ வெளிய போம்மா," என்றார் டாக்டர்.

நோயாளிக்குச் சொந்தக்காரர் கொடையாளரைத் தேடக்கூடாது, பெயரும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்த விதிதான். பத்து வருடமாக மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பவளே நான்தான். தாழ்வாரத்தில் போய் நின்றேன். கதவு சாத்திய ஓசை அடங்குவதற்குள் ஊசி அண்ணன் தலையை நீட்டி, ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு ஆள். அத்தனை பேரிலிருந்து, நான் மூச்சு விடுவதற்குள்.

டாக்டர் போனில் பேசியதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "தையல் மெஷினை நிறுத்திட்டு வரணும்னு அவசியமில்லம்மா, காலைல வந்தா போதும்."

அந்தக் கொடையாளர் காலையில் வந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ரத்தம் எடுக்கும் இடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. அது யாருடையது என்று உனக்கும் எனக்கும் கடைசிவரை தெரியப்போவதில்லை.

ரத்தப் பையை வைத்த குளிர்ப்பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்று. அதன்மேல் டாக்டர் கையெழுத்து ஒன்று, ஊசி அண்ணன் கையெழுத்து ஒன்று. என்னுடையது இல்லை. அதை உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் ஒட்டக்கூடியது இந்த உறை ஒன்றுதான். ஒட்டி, அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறேன்.

உன் தங்கை