தண்ணீரின் பெண்டாட்டி

"இனி ஈரானில் எந்தத் தண்ணீருக்கும் பெண்டாட்டி தேவையில்லை" என்று, தெஹ்ரானிலிருந்து வந்த பொறியாளர் கியான்பூர் எங்கள் ஊர் நடுவில் நின்று அறிவித்தார். அவர் சிரிக்கவில்லை. ஆகவே நாங்களும் சிரிக்கவில்லை.

மலையிலிருந்து மண்ணுக்கடியிலேயே ஊர்வரை ஓடிவரும் எங்கள் கனாத் வாய்க்கால் ஓர் ஆண். நீர் குறைந்த ஒரு வருடம் விதவை கோலந்தாமை அதற்குக் கட்டிவைத்தோம். அவள் அதில் குளிப்பாள். ஊர் கோதுமை கொடுக்கும். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"ஏம்மா, மாப்பிள்ளை உன்னோட பேசுவாரா?" என்றார் பொறியாளர்.

"உங்க அளவுக்குப் பேச மாட்டாருய்யா. தண்ணி மட்டும் கொடுப்பாரு."

மலையடியில் ஆழ்துளைக் கிணறு போட்டு டீசல் பம்ப் வைத்தார். அவர் சொல்லி, கோதுமையை நிறுத்தினோம். இரண்டே கோடையில் பம்ப் கனாத்தைக் குடித்து முடித்தது. மூன்றாம் கோடையில் வெறும் காற்றைக் கக்கியது. புள்ளிவிவரப்படி தண்ணீர் இருப்பதாகப் பொறியாளர் அறிக்கை எழுதினார். அதைப் பிழிந்தும் பார்த்தோம்.

பிறகு, கிணற்றைப் பார்வையிட ஆளுநர் வருவதாகத் தந்தி வந்தது. அன்று மதியமே, ஜீப்பைத் தோப்புக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சர்க்கரைக் கூம்பும் சால்வையுமாகக் கோலந்தாம் வீட்டு வாசலில் பொறியாளர் நின்றார். பக்கத்துக் கூரையில் நான் ஆப்ரிகாட் பழம் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"கிணத்துக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன், அக்கா."

"குழாய் வாயே ஒரு சாண். நான் எப்படி இறங்கிக் குளிக்க?"

"மேலேயே நின்னு குளிச்சாப் போதும். மெதுவாப் பேசுங்க."

"கோதுமை?"

"ஜீப்புல இருக்கு."

"குளிக்கத் தண்ணி?"

அதையும் கொண்டுவந்திருந்தார். ஒரு தகர டின் நிறையத் தண்ணீரைத் தானே சுமந்தபடி, கிணற்றை நோக்கி அவள் பின்னால் நடந்தார்.