ரோலர் மாற்றிய மதியம்

துணி காயவைக்கும் டிரையர் நின்றுபோனபோது உள்ளே ஒரே ஒரு துண்டுதான் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் ஈரத்துண்டு இல்லை. நன்றாகக் காய்ந்த துண்டு.

காய்ந்த துண்டை எதற்கு டிரையரில் போட்டாய் என்று கேட்பீர்கள். எனக்குப் பைத்தியம் எதுவும் பிடிக்கவில்லை. மாமனாருக்காகத்தான் போட்டேன்.

என் கணவர் டிரையர் மெக்கானிக். வீட்டின் பின்னறையில் எப்போதும் யாருடைய மெஷினாவது வயிறு திறந்து கிடக்கும். எங்கள் வீட்டு டிரையர் மட்டும் வருஷக்கணக்காக டொக், டொக் என்று இடித்துக்கொண்டே ஓடும். கேட்டால், "கொஞ்சம் சூடானா சரியாயிடும்" என்பார். சூடாகும், சரியாகாது. ஊர் மெஷினுக்கெல்லாம் உடனே வைத்தியம், வீட்டு மெஷினுக்கு மட்டும் நாளைக்கு. சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். மனுஷன் அசைந்துகொடுக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் மெஷினைத் திறந்து வைத்துவிட்டுக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு அந்த வீட்டுக்கார அம்மா போன் செய்தார். ரொம்பத் தயங்கி, ரொம்ப மரியாதையாக, "மெஷின் திறந்தே கிடக்குங்க. யாராவது வந்து மூடித் தருவீங்களா?" என்றார். "ஆள் அனுப்புறேங்க" என்று நானும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம் கன்னம்தான் என்று விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு அரைநாள் வேலை. திரும்பப் போக ஆரம்பித்தேன். வருகிறவர்களின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக் கொடுத்து, "இப்ப உறுத்துதா?" என்று கேட்டேன். உறுத்தவில்லை என்றார்கள். சந்தோஷம் என்றேன். மதியம் வீட்டுக்கு வந்து, அதுவரை மாமாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவை அனுப்பிவைத்தேன்.

மாமா பஸ் ஓட்டினவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வாராம். இப்போது நினைவு தப்பிக்கொண்டே போகிறது. சில நாள் பழைய பாதையெல்லாம் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்வார், சில நாள் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. மகன் போய்விட்டான் என்று அன்றைக்கே அவரிடம் சொன்னோம். மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் எழுந்து, "அவன் எங்கம்மா? வேலைக்குக் கிளம்பிட்டானா?" என்றார். மறுபடி சொன்னேன். அப்போதுதான் முதல்முறை கேட்பவர் மாதிரி மறுபடி அதே அழுகை. அன்றைக்கு முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

என் நாத்தனார் அப்போது இங்கேதான் இருந்தாள். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே சொல்லாதம்மா. தினம் தினம் புதுசா செத்துக்கிட்டிருப்பானா அவன்?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. மாமா இரண்டு தடவை அழுதுவிட்டார். எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. இதை நினைக்கும்போது வெட்கமாக இருந்தது, அதுவும் லேசாகத்தான்.

அதற்கப்புறம் மாமா கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சமாளித்தேன். அவர் விட்டால்தானே. தேடக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் வாசல்படியில் விழுந்து நெற்றி வீங்கிப்போனது. இடுப்பு கிடுப்பு உடைந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு மதியம் துவைத்த துணியை டிரையரில் போட்டேன். பின்னறைச் சுவரை ஒட்டித்தான் மாமாவின் கட்டில். டொக், டொக் என்று கேட்டதும் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்த மனுஷர் முகம் தெளிந்துவிட்டது. "பின்னாடிதான் இருக்கானா? எதையாவது தட்டிக்கிட்டே இருப்பான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார். அன்றிலிருந்து தினமும் மதியம் டிரையரை ஓட்டினேன். துணி இருந்தால் துணி, இல்லாவிட்டால் அந்தத் துண்டு. பாவம், துண்டுதான் நாராகிப்போனது.

இப்படி ஓட்டினால் எந்த மெஷின்தான் தாங்கும்? அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சத்தம் அடங்கியது.

"என்னம்மா, நிறுத்திட்டானா?" மாமாவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"டீ குடிக்கப் போயிருக்கார் மாமா. வந்துடுவார்."

கணவரோடு வேலை பார்த்த தம்பிக்குப் போன் போட்டேன். "திங்கக்கிழமை வந்து பாக்கறேன் அண்ணி, இந்த வாரம் மூச்சுவிட நேரமில்ல" என்றான். திங்கட்கிழமைவரை ஒருவர் டீ குடிக்க முடியாது. எட்டிப் பார்த்தேன். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டார் மாமா. மெஷினைப் பிரிச்சிட்டிருக்கார், அதான் சத்தம் வரல" என்றேன். கட்டிலில் சாய்ந்துகொண்டார். நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

எனக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. சாப்பிடும்போதெல்லாம் அவருக்குப் போன் வரும். ஒரு கையில் சாப்பாடு, எதிரே ஸ்பீக்கரில் போன். எல்லோரிடமும் அதே மூன்று கேள்விதான்: விளக்கு எரியுதா, டிரம் சுத்துதா, சூடு வருதா? நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இப்போது எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். விளக்கு எரிகிறது. பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் உறுமுகிறது. டிரம் சுற்றவில்லை. கதவைத் திறந்து கையால் தள்ளினேன். பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஓடியது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, டிரம் மட்டும் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. இதற்கு யாரும் வர வேண்டியதில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். மேல்மூடியைக் கழற்றினேன். முன்பலகையைக் கழற்றும்போது கதவு ஸ்விட்சுக்குப் போகும் ஒயரை மறக்காமல் உருவினேன். வழக்கமாக நான் டார்ச் பிடிப்பேன், அவர் கழற்றுவார். "மேல காட்டு, மேல, என் மூஞ்சில இல்ல" என்று திட்டு விழும். இன்றைக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். திட்ட ஆளில்லை. டிரம்மைத் தூக்கி வெளியே எடுத்தபோது அடியில் பெல்ட் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. சுற்றிலும் சாம்பல் நிறப் பஞ்சு, விரல் தடிமனுக்கு. அதில் அவருடைய நீலச் சட்டையின் நூலும் இருந்திருக்கும். வேக்குவம் போட்டு எல்லாவற்றையும் உறிஞ்சினேன்.

பெல்ட்டுகள் சுவரில் ஆணியில் தொங்கின. எங்கள் மெஷினுக்குச் சரியான அளவில் ஒன்று கிடைத்தது. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு சின்ன ஸ்பானருக்காக பின்னறையிலேயே கிடக்கும் அவருடைய டூல் பாக்ஸின் கீழ்த்தட்டை இழுத்தேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, பிரிக்காத பை. உள்ளே இரண்டு புது ரோலர். டிரம்மைப் பின்னாலிருந்து தாங்குகிற குட்டிச் சக்கரங்கள். பையின் மேல் தூசி படிந்திருந்தது. எங்கள் மெஷினின் மாடல் எண்ணை அவர் கையாலேயே மார்க்கரில் எழுதியிருந்தார்.

டார்ச்சை மெஷினுக்குள் திருப்பினேன். பழைய ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. அந்தத் தட்டைப் பக்கம் திரும்பும்போதெல்லாம்தான் டொக் என்று இடித்திருக்கிறது. அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சாமான்கூட வாங்கிவிட்டார். வாங்கி இந்த டூல் பாக்ஸில் போட்டுவிட்டு, என்னிடம் சூடானால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதத்தில் எனக்கு உருப்படியாக வந்த முதல் உணர்ச்சி அதுதான். காது சூடாகும் அளவுக்குக் கோபம். வாய்விட்டே சொன்னேன்: "அரை மணி நேர வேலை. ஒரு ஞாயித்துக்கிழம அரை மணி நேரம் கிடைக்கலயா உனக்கு?" உயிரோடு இருந்தபோது அவரை ஒருமையில் பேசியதே இல்லை.

பெல்ட் மாற்றினால் ரோலரையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும் என்பது அவர் வேதம். ஊரெல்லாம் உபதேசித்த வேதம். நான் நிறைவேற்றினேன். கிளிப்பை நெம்பி, பழையதை உருவி, அச்சைத் துணியால் துடைத்து, புதியதை மாட்டினேன். பழையது இரண்டையும் குப்பைக் கூடையில் வீசிய வேகத்தில் கூடையே கவிழ்ந்தது. டிரம்மை ஏற்றினேன், பெல்ட்டைச் சுற்றினேன், கோடு கோடாக இருக்கும் பக்கம் டிரம்மைத் தொடும்படி. கையை அடியில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெல்ட்டை மடக்கி, அதை இழுத்துப் பிடிக்கும் குட்டிச் சக்கரத்துக்குள் நுழைத்து மோட்டாரில் மாட்டினேன். மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை உட்கார்ந்தது. முன்பலகை, ஒயர், மூடி. பிளக்கைச் சொருகி, துண்டை உள்ளே போட்டுப் பட்டனை அழுத்தினேன்.

ஓடியது. பூனை நடப்பது மாதிரி ஓடியது. மேலே கை வைத்தால்தான் ஓடுவதே தெரிந்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. எந்தச் சத்தத்துக்காக இந்த மெஷினைத் திறந்தேனோ, அந்தச் சத்தத்தைத்தான் கழற்றி எறிந்திருக்கிறேன்.

தரையில் மண்டியிட்டுக் கவிழ்ந்த குப்பையைத் துழாவினேன். ஒரு ரோலர் கிடைத்தது. இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

நான் எழுந்திருப்பதற்குள் அவரே இரண்டடி வைத்து மெஷின்மேல் உள்ளங்கையைப் பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பஸ் பானெட்டில் கை வைத்து அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

"ஓடிக்கிட்டுல்ல இருக்கு. சத்தமே இல்லையே."

"ஆமா மாமா."

"யாரு பண்ணது?"

அவர்தான் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. மாமா முந்திக்கொண்டார்.

"அவன் பண்ணல. இத்தன வருஷம் பண்ணாதவன் இன்னிக்கா பண்ணிடப்போறான்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கவிழ்ந்த கூடையைப் பார்த்தார், என் கையில் இருந்த ரோலரைப் பார்த்தார், கருத்துப்போயிருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"அவன் இல்லையா?"

"இல்ல மாமா."

மாரில் அடித்துக்கொள்ளவில்லை. மகன் வேலை பார்க்கும்போது உட்காரும் முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பிடித்து உட்காரவைத்தேன்.

"என்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் மாமா. ரெண்டு தடவ."

"அழுதேனா?"

"அழுதீங்க."

"அப்புறம் மறந்துட்டேன்."

"ஆமா."

ஒற்றைச் செருப்பைக் காலிலிருந்து கழற்றிவிட்டார். பிறகு, "நீ அழுதியா?" என்றார்.

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் தைரியசாலி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இல்ல மாமா. வரல."

"நாளைக்கும் கேப்பேன்மா நான்."

"கேப்பீங்க."

"கேட்டா சொல்லிடு. நீ ஒருத்தியா வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

டிரையர் முடிந்து மணி அடித்தது. துண்டை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். இரண்டாவது ரோலர் மேஜைக்கு அடியில் கிடந்தது. இரண்டையும் கூடையில் போட்டேன்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். டீ எடுத்துக்கொண்டு போனபோது மாமா விழித்துப் படுத்திருந்தார்.

"அவன் எங்கம்மா? பின்னாடி சத்தத்தையே காணோமே?"

டீயைக் கீழே வைத்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். என் குரலில்தான் சொன்னேன், ஆனால் அப்போதுதான் எனக்கே யாரோ சொல்வது போல் இருந்தது. அவர் அழுதார். நானும் அழுதேன். அவர் சீக்கிரம் அடங்கிவிட்டார். என்னால்தான் நிறுத்த முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தடவிக்கொடுத்தார். நான் எதற்காக அழுகிறேன் என்பது நடுவில் அவருக்கு மறந்துபோய்விட்டது.

"யாரும்மா உன்ன என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே தடவினார். "அழாத. அவன் வரட்டும், நான் கேக்கறேன்."