எட்டுப் பேர் கேட்ட ஒரே கேள்வி

வானொலி நிலையத்தில் அவளைச் சல்லடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதன்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு நிபுணர்கள் பதில் சொல்லும் நேரலை நிகழ்ச்சி. கண்ணாடி அறைக்குள் விஞ்ஞானப் பேராசிரியர், ஓய்வுபெற்ற நீதிபதி, சிற்பி என மூன்று பேர். வெளியே தொலைபேசியோடு இவள் ஒருத்தி. வருகிற கேள்விகளைச் சலித்து நல்லதை மட்டும் உள்ளே விட வேண்டும். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வி திரும்ப வந்தால், சீட்டில் 'வந்தது' என்று எழுதிக் கூடையில் போட்டுவிட வேண்டும். இது தயாரிப்பாளர் போட்ட சட்டம்.

அக்காவுக்கோ வாய் சும்மா இருக்காது. போன மாதம் நீதிபதி தப்பாகச் சொன்ன ஒரு தேதியைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து கையை ஆட்டித் திருத்தப்போக, தயாரிப்பாளர் குதி குதியென்று குதித்துவிட்டார்.

"இன்னொரு தடவை உள்ள மூக்கை நுழைச்சீங்க, கிடங்குக்குத்தான் போவீங்க. பழைய ஒலிநாடாவுக்குத் தூசி தட்டிக்கிட்டுக் கெடங்க!"

அந்தத் தொலைபேசி மேசை போனால் அவளுக்கு உயிரே போன மாதிரி. அதனால் நாலு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இன்றைக்கு ஒரு சலவைக்கடைக்காரர் கூப்பிட்டார். வெள்ளைத் துணியில் செங்கறை போக என்ன வழி என்று கேட்டார். புதுக் கேள்விதானே என்று உள்ளே விட்டாள்.

"நேத்து குழாய்ல தண்ணி செக்கச்செவேல்னு வந்துச்சு சார். ஆஸ்பத்திரி விரிப்பு அறுபதும் பாழாப்போச்சு."

"அது உங்க வீட்டுக் குழாய்ல துரு," என்றார் பேராசிரியர், யோசிக்காமலே. "மொத்தத்தையும் மாத்திடுங்க."

"குழாய் சுவத்துக்குள்ள இருக்கே சார். பரவாயில்ல, நீங்க சொன்னா சரி. நாளைக்கே இடிச்சிடறேன்!"

அக்காவுக்குத் திக்கென்றது. சிவப்புத் தண்ணீரா? அடப்பாவமே, குழாய்த் துருவுக்கு எப்போதோ பதில் சொல்லியாயிற்று என்று இதைத்தானே வாராவாரம் தள்ளிவிட்டுக்கொண்டு இருந்தோம்! கூடையைக் கவிழ்த்துத் துழாவினாள். ஏழு சீட்டு. ஏழு தெரு. ஏழிலும் 'நேத்து' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. புதன்கிழமைக்கு நேற்று செவ்வாய்க்கிழமை அல்லவா! யாரோ ஒரு மனிதர் காசைக் கொட்டிச் சுவரை இடிக்கப் போகிறார், நான் மேசைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கவா? வந்தது வரட்டும் என்று கதவைத் தள்ளினாள்.

"அண்ணே, சுவத்துல கை வைக்காதீங்க!"

தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். நேரலை, நிறுத்தவும் முடியாது. அக்கா சீட்டுகளைப் பேராசிரியர் முன்னால் பரப்பினாள்.

"உங்களையும் சேத்து எட்டுத் தெருண்ணே. எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமைதான். துரு என்ன சார், கிழமை பாத்தா வரும்?"

சிற்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மாறியது.

"நான் அவசரப்பட்டுட்டேன். தண்ணி எதிர்ப்பக்கமா ஓடினா, தெருவுக்கடியில இருக்கற பெரிய குழாய்ல படிஞ்ச துரு கலங்கி வரும். வாரம் ஒருநாள் யாரோ அப்படித் திருப்பி விடறாங்க. குடிநீர் அலுவலகத்துக்குப் போடுங்கம்மா ஃபோனை!"

போட்டாள். பொறியாளர் முதலில் மழுப்பினார். நீதிபதி தொண்டையைச் செருமி இரண்டே கேள்வி கேட்டதும் உண்மை வந்துவிட்டது. செவ்வாய்தோறும் பழைய குழாயைக் கழுவ வால்வைத் திருப்புகிறார்களாம். சொல்லாமல் செய்தது தப்புதான், இனிமேல் கலங்கல் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் தெருவுக்கு விடுவோம் என்று ஊரே கேட்க ஒப்புக்கொண்டார்.

"என் சுவர் தப்பிச்சுது தாயே!" என்று சலவைக்கடைக்காரர் கத்தியதில் ஒலிபெருக்கி அதிர்ந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

வெளியே தொலைபேசி விடாமல் அலறியது. ஆளில்லாத மேசையில் தயாரிப்பாளரே போய் எடுத்தார்.

"கேள்வி யாருக்குங்க? பேராசிரியருக்கா, நீதிபதிக்கா?"

மறுமுனை சொன்னதைக் கேட்டுக் கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில் எழுதி, தானே எடுத்துவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"உக்காருங்கக்கா," என்று ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பினார். "கேள்வி உங்களுக்குத்தான்."