கிரேன்காரரின் இடது கண்

கிரேன்காரர் கட்டில் ஓரத்தில் பைபிளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பார்ப்பவர்களுக்கு அது ஜெபம். உதட்டில் ஓடியதோ வேறு. "டி, ஓ, எச், என், சி."

இரும்புத் தகடு அடுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் கிரேன் ஓட்டுகிறார். கூரையை ஒட்டிய கூண்டுக்கு நாற்பத்தோரு படி ஏற வேண்டும். இடது கண்ணின் நரம்பு செத்து ஒன்றரை வருஷமாகிறது. ஆபரேஷன் செய்தாலும் பிரயோஜனமில்லை என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று பட்டறை டாக்டர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனை. இரண்டு கண்ணாலும் கீழ்வரிசையைப் படிக்காவிட்டால் கூண்டு போய்விடும். பிறகு தரையில் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான், அதுவும் கொடுத்தால். போன வாரம் தலைவலி மாத்திரை கேட்கும் சாக்கில் உள்ளே போய், நல்ல கண்ணால் பார்த்து அந்த வரிசையை எழுதி வந்துவிட்டார். சீட்டு பைபிளுக்குள் இருந்தது.

டீ கொண்டுவந்த மனைவி சீட்டைப் பார்த்துவிட்டாள்.

"இது எந்த அதிகாரத்துல வருது? நான் படிச்சதே இல்லையே."

"போடி, எனக்கு நேரமாச்சு."

"ஆண்டவர்கிட்ட கண்ணக் கேளுங்க. களவுக்கு அவரக் கூட்டு சேக்காதீங்க."

"கேட்டு ஒன்றரை வருஷமாச்சு. எனக்குக் கண்ணு போன மாதிரி அவருக்குக் காது போச்சோ என்னவோ."

சொன்ன வாய் அவருக்கே சுட்டது. அவள் முகம் மாறவில்லை.

"குடுக்கலன்னா வேற எதுக்கோ கூப்பிடறாருன்னு அர்த்தம்."

"எதுக்கு? தொடப்பக்கட்டைக்கா?"

வீட்டுக் கூரை பறந்த வருஷத்தையும், பட்டறை பூட்டிக் கிடந்த வருஷத்தையும் கர்த்தர் கடத்திவிட்டார் என்பது அவள் பேச்சு. கடத்தியது இந்த இரண்டு கைகள் என்பது அவர் எண்ணம். கூண்டை விட்டு இறங்கினால் அந்தக் கைகளுக்கு என்ன வேலை?

பட்டறை டாக்டர் காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை. "வலது கண்ண மூடிக்குங்க. கீழ் வரிசை."

எதிரில் வெறும் புகை. "டி, ஓ, எச், என், சி."

"பரவால்லையே, இந்த வயசுல!" முத்திரை விழுந்தது. ஸ்தோத்திரம் சொல்லாமலே காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் மனைவியின் தம்பி காத்திருந்தான். கிரேனுக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுவது அவன் வேலை. குள்ளமும் பருமனுமாக இருப்பதால் பட்டறைக்கே அவன் கட்டை.

"என்ன அத்தான், பாஸா? ஃபெயிலானா என் பக்கத்துல நிக்க வச்சுக்கலாம்னு இருந்தேன்."

"உன் கூடப் பேசணும்னா நாள் பூரா குனியணும் மாப்ள. இடுப்பு தாங்காது."

மத்தியானம் மூன்று டன் தகட்டு அடுக்கைத் தூக்கினார். கட்டை இடது பக்கத் தூணோரம் நின்றிருந்தான். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து என்று பொருள். முஷ்டி அவர் இடது கண்ணின் புகைக்குள் உயர்ந்தது. யாரோ வீறிட்ட பிறகுதான் அவர் நிறுத்தும் பிடியை இழுத்தார். அடுக்கு ஆடியபடி நின்றது. கட்டை மல்லாந்து கிடந்தான். அவன் தலைக்கவசம் தனியாக உருண்டு போனது. தகட்டு விளிம்புக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி.

பட்டறை சத்தம் முழுக்க அடங்கியது. கட்டை எழுந்து உட்கார்ந்தான். மேஸ்திரி கத்தியது கூண்டுவரை கேட்டது.

"கையத் தூக்கினியா இல்லையாடா?"

கட்டை மேலே பார்த்தான். "தூக்கினேன் மேஸ்திரி. லேட்டாத் தூக்கிட்டேன் போல. எம்மேலதான் தப்பு. அத்தானுக்குக் கழுகுக் கண்ணு, இன்னிக்குத்தான் டாக்டரே எழுதிக் குடுத்தாரு."

"அப்ப நாளையிலேருந்து நீ வராத."

கிரேன்காரரின் கை பிடியை விடவில்லை. என்னைக் கீழே இறக்கிவிடாதே ஆண்டவரே என்பதுதான் ஒன்றரை வருஷமாக அவர் ஜெபம். வாயைத் திறந்தார். அது வரவில்லை. "விழாம இறக்கி விடும்" என்றுதான் வந்தது. கிரேன் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் கால் துழாவியது. முதுகு நனைந்துவிட்டது.

"மேஸ்திரி, அவன் சரியாத்தான் தூக்கினான். எனக்குத்தான் தெரியல. இடது கண்ணு போய் ஒன்றரை வருஷமாச்சு."

"டாக்டர் எழுதியிருக்காரே?"

"அது மனப்பாடம்." வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். "இப்ப நீங்க நிக்கறீங்களா போய்ட்டீங்களான்னுகூட எனக்குத் தெரியாது."

சாவி அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. "நாளைக்கு ஆபீசுக்கு வா. என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

கட்டை இன்னும் தரையில்தான் இருந்தான். "ஒன்றரை வருஷமாவா அத்தான்? அந்தக் கண்ணுக்குக் கீழயா நான் நின்னு கத பேசிட்டிருந்தேன்?"

கட்டை எழுந்து, தலைக்கவசத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

கிரேன்காரர் அண்ணாந்து பார்த்தார். தகட்டு அடுக்கு கொக்கியில் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. "உம்மை நம்பித்தான் இறங்கினேன். இனிமே நீர் பாத்துக்கும்" என்றார். மேலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கை பழக்கத்தில் பிடியைத் தேடியது. பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை.

வாசல்வரை இடது பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். லாரிகள் போய் வரும் பாதையைக் கடக்க வேண்டும். நின்றார். இடது பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கட்டைதான். அவர் முகத்தைப் பார்க்காமல் முழங்கையைப் பிடித்தான். பிடி வலித்தது.

"நடங்க. நடந்தத அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."