யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்

அம்பிகாவுக்கு ஆம்பூரில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் வேலை. முப்பது வயதைத் தாண்டிய பெண்களைக் கர்ப்பப்பைப் புற்றுநோய் சோதனைக்கு அழைத்துப்போவதும் அதில் சேர்த்தி. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் ரஃபத் ஜஹான் ஐந்து மாதம் மறுத்துவிட்டுக் கடைசியில், "வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்று அம்பிகா கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சோதனை ரிப்போர்ட் நன்றாக இல்லை. ரஃபத் போனை எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அம்பிகா கம்பெனி கேட்டில் போய் நின்றாள்.

"இங்க இன்னாத்துக்கு வந்தே? எல்லாரும் பாக்குறாங்க."

"வேலூர் போய் சதை எடுத்துப் பாக்கணுமாம். இப்பவே போனா சரி பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாங்க. நான் கூட வர்றேன்க்கா."

ரஃபத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பொண்ணுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம். மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுடும். அது முடியட்டும்."

"அதுக்கு நாலு மாசம் இருக்கே!"

"சொல்ல மாட்டேன்னியே, அது பொய்யா?"

அம்பிகா டாக்டரிடம் கேட்டாள். "அவங்க சம்மதம் இல்லாம வீட்ல சொல்லக் கூடாது. பேசிப் பாருங்க" என்றார் அவர். பேசிப் பார்த்தாள், பல தடவை. மாமியார் அக்தர் பானுவுக்கு மாத்திரை கொடுக்கப் போனால் ரஃபத் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

"மருமகளுக்கு ரொம்பக் களைப்பா இருக்கும்மா. சத்து மாத்திரை இருந்தா குடேன்" என்பாள் அக்தர் பானு. அம்பிகா ஒரு அட்டையை எடுத்து நீட்டுவாள்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. நாலாம் நாள் ரஃபத்தே போன் செய்தாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. வேலூரில் பார்த்த டாக்டர், ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்றார். குணமாகுமா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றே மறுபடியும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கூட வந்திருந்த அக்தர் பானு அம்பிகாவின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

அம்பிகா சொன்னாள்.

"நாலு மாசமாவா? ஷாதிய தள்ளி வச்சிருப்பேனே. மாப்ள வீட்டுக்கு வேற எதுனா காரணம் சொல்லியிருப்பேனே. என்கிட்ட ஒரு வார்த்த..." கிழவி கையை விட்டாள்.

"நான்தான் சொல்லாதேன்னேன் அம்மி" என்று பெஞ்சில் சாய்ந்திருந்த ரஃபத் மாமியாரிடம் முனகினாள். அது கிழவியின் காதில் விழவில்லை, விழுந்தும் இருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்கேன் சீட்டு அம்பிகாவிடம்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள்.