வாசிக்காத தீர்ப்பு

“எங்கம்மா கேஸ்ல தீர்ப்பு என்னன்னு இப்பவாவது சொல்லுங்கய்யா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே குமாஸ்தா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது கையிலிருந்த சுவரொட்டிச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார், தப்பு அதில்தான் நடந்துவிட்டது போல.

முன்னாள் நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் அவருடைய வாழ்க்கை வரலாறு விரிந்து கிடந்தது. தேர்தலுக்காக அவள் எழுதிக் கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளை, வக்கீல், நீதிபதி, நாளை நாடாளுமன்றம். கடைசிப் பக்கத்தில் அவர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘ஒரு வழக்கைக்கூடக் கிடப்பில் போடாதவர்.’ அதைப் படித்த பிறகு அவளுக்கு வாய் நிற்கவில்லை.

மில்லிலிருந்து ஒரே நாளில் துரத்தப்பட்ட அறுபது பெண்களில் அவள் அம்மாவும் ஒருத்தி. ஒன்பது வருஷம் இழுத்த வழக்கு. இவர்தான் கடைசிவரை வாதம் கேட்டார், தீர்ப்பைத் தள்ளிவைத்தார், மூன்றாம் மாதம் ராஜினாமா செய்துவிட்டுக் கட்சியில் சேர்ந்தார். கேட்ட நீதிபதி போய்விட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் பதினொரு பேர் செத்தே போனார்கள்.

“எழுதியே வச்சிருந்தேம்மா,” என்றார். “உங்கம்மா பக்கம்தான். வாசிக்கத்தான் நேரம் வாய்க்கல.”

தோற்றிருப்போம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தோற்றிருந்தால்கூட இப்படி வயிறு எரிந்திருக்காது.

“ராஜினாமாவுல கையெழுத்துப் போட மட்டும் நேரம் வாய்ச்சுதா?”

“ஏ பொண்ணே,” என்றார் குமாஸ்தா. “ஐயா நினைச்சா உன்னை எங்கேயோ கொண்டுபோய் வச்சிடுவார். உன் வாய்தான் உனக்கு எதிரி.”

“நாளைக்கு நான் சட்டமே எழுதப் போறேம்மா. எல்லா மில்லுக்கும் சேர்த்து.”

“எழுதுவீங்கய்யா. எழுதினதைத்தான் வாசிக்க மாட்டீங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் ஆணியில் தொங்கிய தன் கறுப்பு வக்கீல் கவுனை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசலில் மில் முதலாளி அனுப்பிய பிரசார வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவன் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சோதித்துக்கொண்டிருந்தான். அவள் அதைச் சுற்றிக்கொண்டு நீதிமன்றப் பக்கம் நடந்தாள். பைக்குள், அந்த வழக்கில் அவளையே வக்கீலாக நியமிக்கும் வக்காலத்துத் தாள் இருந்தது. காலையிலேயே அம்மா போட்டுக் கொடுத்த கையெழுத்து, பேனா அழுந்தி, தாளின் மறுபக்கம்வரை புடைத்திருந்தது.