தடிமனாகச் சீவிய தோல்

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதில் எனக்கே நிச்சயமில்லை. உருளைக்கிழங்குத் தோலில் என்று நினைக்கிறேன். என்னோடு படித்த தராசைக் கேட்டால், உன் சித்தியின் சிரிப்பில் என்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவில்லை. ஆகவே இதில் சிரிப்பு வரும் இடங்களை நம்ப வேண்டாம்.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: 'கல்லூரியும் மக்களும் கைகோத்தபோது...' அடித்துவிட்டேன். யாரும் கைகோக்கவில்லை. வாளிதான் தூக்கினார்கள்.

2

எங்கள் முதுகலை வகுப்பில், இயற்கையை வீணாக்காத 'நிலைத்த வாழ்வு' பற்றி ஒரு பாடம். ஒரு குடியிருப்புக்குப் போய், அங்கிருப்பவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்து கற்க வேண்டும் என்றார் பேராசிரியர். மதிப்பெண்ணில் பாதி அவர் போடுவார். பாதி அங்கே குடியிருப்பவர்கள். நானும் தராசும் ஒரு குழு. என் சித்தி இருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் பின்புறம் உரத்தொட்டி வைத்தோம். சமையலறைக் கழிவு குப்பை லாரிக்குப் போகாமல் உரமாக வேண்டும். தொட்டிக்கு வருவதை வாராவாரம் தராசுதான் எடை போடுவாள். அந்தப் பெயர் அப்படி வந்தது.

(ஒரு பாடத்தில் தோற்றாலும் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அவளை அவள் அண்ணன் அனுப்பியிருந்தார். இதை அடைப்புக்குறிக்குள் வைப்பது கோழைத்தனம். ஆனால் அவளும் இதை அப்படித்தான் சொன்னாள், வேறு பேச்சுக்கு நடுவே.)

3

முதல் வாரம் தொட்டியின் அடிகூட மறையவில்லை. அப்புறம் எடை ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பேராசிரியர் எங்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். தராசு மட்டும் தொட்டியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பாரு. தோலா இது? பாதிக் கிழங்கு ஒட்டிட்டு இருக்கு."

"கத்தி மொக்கையா இருக்கும்."

"எல்லார் வீட்லயுமா?"

தன் கடைக் கழிவையும் இங்கே கொட்டுகிறாரோ என்று எனக்குத் தெருமுனை ஓட்டல்காரர் மேல் சந்தேகம். இங்கே ஒரு துப்பறியும் காட்சி எழுதிப் பார்த்தேன்: சுவரோரம் பதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும்... வேண்டாம். தண்ணீர் குடிக்கச் சித்தி வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதான்.

4

கதவு திறந்தே இருந்தது. உள்ளே சித்தப்பா கேரட் சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் தடிமனா சீவுங்க. இதுலயுமா கஞ்சத்தனம்?"

"இதுக்கு மேல சீவினா நமக்குத் தின்ன என்னடி மிஞ்சும்?"

"நமக்கென்ன, ரெண்டே பேரு. பிள்ளைங்க வாளி நிறையணும்."

அப்போதுதான் சித்தி எங்களைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... எங்களுக்காகவா?" என்றாள் தராசு.

"மொத வாரம் எடை பார்த்துட்டு உன் மூஞ்சி எப்படிச் சுருங்கிப் போச்சு! மாடிப்படியில நின்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். மேல்வீட்டு டீச்சரம்மா பாதி முட்டைக்கோஸைக் கிள்ளிப் போடறாங்க. நாங்களும் எங்களால ஆனதைச் செய்யறோம்."

"கழிவைக் குறைக்கத்தானே ஆன்ட்டி வந்தோம்?"

"அட, அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? எடை ஏறினா நீங்கதானே பல்லைக் காட்டினீங்க!"

யாரும் பேசவில்லை.*

* இந்த மௌனத்துக்கு ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட நினைத்தேன். இந்தக் கதையில் காகிதத்தை வீணாக்குவது நன்றாயிராது.

5

எழுதும்போது சித்தி மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒருத்தி இவ்வளவு நல்லவளாக இருப்பாளா? அக்கா பையன் கொண்டுவந்த வேலை ஊத்திக்கொண்டால் மாடிப்படியில் யார் முகத்தில் விழிப்பது என்ற கவலையாகவும் இருக்கலாம். கேட்டே விட்டேன்.

"போடா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும் உனக்கு."

அது பதிலில்லை.

6

கல்லூரியில் இறுதிக் கூட்டம். குடியிருப்பவர்களும் வந்திருந்தார்கள். ஒரு முடிவு: தராசு, ஏறும் கோடு போட்ட வரைபடத்தைக் காட்டினாள், எல்லோரும் கைதட்ட, அவள்... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

நடந்தது வேறு. அவள் ஒரு தோலை மேசைமேல் வைத்தாள்.

"சார், நாங்க கழிவைக் குறைக்கல, வளர்த்திருக்கோம். இவங்க மேல தப்பில்ல. எடையைக் கேட்டோம், எடையைக் கொடுத்தாங்க."

பேராசிரியர் தன் பாதியில் பூஜ்யம் போட்டார். குடியிருப்பவர்கள் தங்கள் பாதியை முழுதாகப் போட்டார்கள். பாதி இருந்தால் தேர்ச்சி.

வெளியே வந்ததும் தராசு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "இந்த மார்க்கும் தடிமனா சீவினதுதானா?"

உண்மையைச் சொன்னதற்காகப் போட்டார்களா, அவள் முகத்தைப் பார்த்துப் போட்டார்களா, எனக்குத் தெரியாது. சித்தியிடம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் எதற்காகப் போட்டிருப்பீர்களோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

யார் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். தராசு படித்து முடித்தாள். பேராசிரியர் அடுத்த ஆண்டு முதல், குப்பை லாரிக்குப் போவதை எடை போடச் சொன்னார். சித்தப்பா காய் நறுக்குவதையே விட்டுவிட்டார். சித்தி தோலை மெல்லியதாகச் சீவுகிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது.